திரும்பி வருவியான்னு கேட்டாங்க

ஒரு மாசமா இந்தப் பக்கம் எதுவும் எழுதல. காட்டுல குச்சிக்கிழங்கு புடுங்குற வேலை ஒரு பக்கம், ஊட்டுல காகித வேலை இன்னொரு பக்கம். கிழங்கைப் பத்தி அடுத்த வாரம் எழுதுறேன். இன்னிக்கு காகித வேலை.

எம் பொண்ணுக்கு ஜூலை மாசம் அமெரிக்க மாணவர் விசா இல்லைன்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் மறுபடியும் நேர்காணலுக்குப் போறா. "வேண்டாம்னு சொன்ன வாசல்ல மறுக்கா போயி ஏன் நிக்கோணும்?"னு எங்க பெரியப்பா கேட்டாரு. மெட்ராஸ்ல இருக்குற சிநேகிதர் ஒருத்தர், "விவசாயி மகள் எதுக்குங்க அமெரிக்கா, இங்கயே படிக்கட்டுமே"ன்னாரு. ரெண்டு பேருக்கும் அன்னிக்கு எனக்கு ஒழுங்கா பதில் சொல்ல வரல. யோசிச்சுப் பாத்ததை இப்ப எழுதுறேன். உங்கள்ல சில பேரு ஊட்டுலயும் இதே காகிதம் இருக்கும்.

எங் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ஒருதரம் மறுத்தா மறுபடி விண்ணப்பிக்கறது தப்பே இல்லை. ஆனா ஏன் மறுத்தாங்கன்னு நம்மளை நாமளே கேட்டுக்காம, அதே காகிதத்தைத் தூக்கிக்கிட்டு அடுத்த வாரமே ஓடுறது தப்பு. நாங்க ஓடத்தான் இருந்தோம்.

எங்க ஊர்க்காரங்களுக்கு ஃபேர்லேண்ட்ஸ்னா ரொம்ப நாளா ஆஸ்பத்திரிதான். எங்கம்மாவுக்கு கண் ஆபரேஷன், ஊட்டுக்காரிக்கு ஸ்கேன், எல்லாத்துக்கும் பஸ் ஏறி சேலம் வந்து, புது பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஃபேர்லேண்ட்ஸ் போவோம். இப்ப அதே ரோட்டுல, மருந்துக் கடைக்கு மேல் மாடியில, வெளிநாட்டுக் கொடி படம் போட்ட போர்டுங்க தொங்குது. கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, லண்டன். கீழ ஒரு நோயாளி மருந்துச் சீட்டோட நிக்கிறாரு, மேல ஒரு அப்பன் மார்க் சீட்டோட நிக்கிறான். ரெண்டு பேரு மூஞ்சியும் ஒரே மாதிரிதான் இருக்குது.

எம் பொண்ணு பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் படிச்சவ. எம்.எஸ். படிக்க அமெரிக்காவுல ஒரு பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சுது. கட்டணத்துல ஒரு பகுதி அவங்களே தள்ளுபடி பண்ணினாங்க. மிச்சத்துக்கு வழி பாக்கத்தான் மேல் மாடிக்குப் போனோம். அந்த ஆபீஸ் பேரு வேண்டாமுங்க. அங்க இருந்த தம்பி மரியாதையாத்தான் பேசுனாரு. "அங்கிள், உங்க வருஷ வருமானம் எவ்வளவு?"ன்னாரு.

மூணேகால் ஏக்கர். ரெண்டு ஏக்கர் கிழங்கு, மிச்சத்துல சோளமும் கடலையும். ரெண்டு மாடு. நல்ல வருஷத்துல எல்லாம் போக நாலு லட்சம் நிக்கும். மாவுப்பூச்சி வந்த வருஷம் அதுவும் நிக்கல. உள்ளதைச் சொன்னேன்.

"நாலு லட்சம்னா விசா நடக்காது அங்கிள். பதினெட்டுன்னு போடுவோம். விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாது, யாரும் கேக்க மாட்டாங்க. ஆடிட்டர் சர்டிபிகேட் நம்மகிட்டயே வாங்கிக்கலாம்."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலீங்க. சரின்னுட்டேன். அதை இங்க எழுதறதுக்கு வெக்கமா இருக்குது. ஆனா அதை எழுதாம இந்தக் கதைய எழுதறதுல அர்த்தம் இல்லை.

ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி, விடியக்காலம் சென்ட்ரல்ல இறங்கி, முதல் நாள் கைரேகை, போட்டோ. மறுநாள் ஜெமினி பாலத்துக்குப் பக்கத்துல இருக்குற அமெரிக்கத் துணைத் தூதரகத்துல நேர்காணல். போனை உள்ள கொண்டு போகக் கூடாதுன்னு எங்கிட்டக் கொடுத்துட்டுப் போனா. எதுத்தாப்புல மர நெழல்ல நின்னேன். என்னை மாதிரியே கையில போனும் மடியில பையும் வெச்சிக்கிட்டு நெறைய அப்பனுங்க. ஆந்திராக்காரர் ஒருத்தர் கண்ணை மூடி சாமி கும்புட்டுக்கிட்டே இருந்தாரு.

உள்ள அவகிட்டப் பேசுனது மூணு நிமிஷம்கூட இருக்காதாம். ஏன் இந்தப் பல்கலைக்கழகம்னு கேட்டிருக்காங்க. ஆபீஸ்ல மனப்பாடம் பண்ணி வெச்சதை ஒப்பிச்சிருக்கா. யாரு செலவு பண்றாங்கன்னதுக்கு அப்பான்னு சொல்லியிருக்கா. அப்பாவுக்கு என்ன வேலைன்னா விவசாயம். வருமானம் எவ்வளவுன்னு கேட்டிருக்காங்க.

அந்த எடத்துல நின்னுட்டாளாம். வாயில நாலும் வரல, பதினெட்டும் வரல. "நெலம் இருக்கு"ன்னு மட்டும் சொல்லியிருக்கா. கடைசியா, படிச்சு முடிச்சு என்ன பண்ணுவேன்னதுக்கு, "நல்ல கம்பெனியில வேலைக்குப் போவேன்"னு சொல்லியிருக்கா. எந்த ஊர்லன்னு சொல்லல. பாஸ்போர்ட்டோட ஒரு தாளையும் சேத்துத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

ரயில்ல திரும்பி வரும்போது ஜோலார்பேட்டை வரைக்கும் பேசவே இல்லை. அப்புறம் சொன்னா. "அப்பா, நீங்க வெய்யில்ல நின்னு சம்பாரிக்கிறது நாலு லட்சம். அதைச் சொல்ல நான் வெக்கப்படலப்பா. பதினெட்டுன்னு சொல்லத்தான் வாய் வரல."

எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலீங்க.

அந்தத் தாள்ல என்ன இருக்குன்னு பொறவு பொறுமையாப் படிச்சோம். 214(பி)ங்கிற பிரிவு. அமெரிக்காவுல 1952-ல வந்த குடியேற்றச் சட்டத்துல இருக்குது. வெவரம் இதுதான்: விசா கேட்டு வர்ற ஒவ்வொருத்தரும் அங்கயே தங்கிக்கத்தான் வர்றாங்கன்னு அந்த அதிகாரி முதல்ல எடுத்துக்கணும். இல்லை, நான் திரும்பி வந்துருவேன்னு காட்ட வேண்டியது நம்ம பொறுப்பு. அது போக, நிஜமாவே படிக்கத்தான் போறோமா, படிப்புக்குப் பணம் இருக்கான்னும் அவங்களுக்குத் திருப்தி வரணும். இதுல எதுல சந்தேகம் வந்தாலும் அதே 214(பி)தான். எதுன்னு தாள்ல எழுத மாட்டாங்க. மேல்முறையீடு கிடையாது. ஆனா எத்தனை தரம் வேணாலும் மறுபடி விண்ணப்பிக்கலாம். புதுசா டிஎஸ்-160 படிவம் போடணும், புதுசா கட்டணம் கட்டணும்.

கட்டணம் 185 டாலர். 2023 ஜூன் வரைக்கும் 160 இருந்துது. நம்ம காசுக்கு 16,000 ரூபாய்க்கு மேல போகுது. எனக்கு இந்தத் தரம் கிடைச்ச விலைக்கு ரெண்டரை டன் கிழங்கு. இல்லைன்னு சொன்னாலும் திருப்பித் தர மாட்டாங்க. ஒரு நல்ல சேதி, செவிஸ்னு 350 டாலர் கட்டுனோமே, அதை ஒரு வருஷத்துக்குள்ள அதே மாதிரி படிப்பு விசாவுக்கு மறுபடி போனா திரும்பக் கட்ட வேண்டியதில்லை. இதை அந்த ஆபீஸ்ல சொல்லல. எம் பொண்ணே படிச்சுக் கண்டுபிடிச்சா.

இனி பொதுவா ஒண்ணு. எங்களுக்கு மட்டும் நடந்துதுன்னு நாங்க மொதல்ல நெனச்சோம். 2023 அக்டோபர்ல இருந்து 2024 செப்டம்பர் வரைக்கும், உலகம் பூராவும் எஃப்-1 மாணவர் விசா கேட்டவங்க ஏறக்குறைய 6.79 லட்சம் பேரு. அதுல 2.79 லட்சம் பேருக்கு இல்லைன்னுட்டாங்க. நூத்துக்கு 41. பத்து பேரு வரிசையில நின்னா நாலு பேரு வெறுங்கையோட திரும்புறாங்க. 2025 மே கடைசியில புதுசா நேர்காணல் தேதி கொடுக்கறதையே நிறுத்தி வெச்சாங்க. ஜூன்ல மறுபடி தொறந்தப்போ, மாணவருங்க அவங்க சமூக வலைத்தளப் பக்கங்களை எல்லாரும் பாக்குற மாதிரி வெக்கணும்னு சொல்லிட்டாங்க. பயம் எல்லா ஊட்டுலயும் இருக்குது.

இதைப் பாத்துட்டு சில பேரு சொல்றது, "இது லாட்டரிங்க. ஜன்னல் மாறுனா விசா கிடைக்கும். திரும்பத் திரும்ப போட்டுக்கிட்டே இருக்கணும்." இதுல கொஞ்சம் உண்மை இருக்குது. மூணு நிமிஷத்துல ஒரு மனுசனை எடை போட்டா தப்பு வரத்தான் செய்யும். நல்ல புள்ளைங்களும் மாட்டிக்கிதுங்க. ஆனா மறுபடி போறப்போ, முன்னாடி என்ன சொன்னோம்ங்கிறது அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும். புது அதிகாரி முதல்ல பாக்குறது, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியிருக்குன்னுதான்.

காட்டுல குச்சி ஊனி முளைக்காத குழி இருந்தா, அதே குழியில அதே குச்சியை மறுபடி ஊனுவோமா? புடுங்கிப் பாப்போம். குச்சி காஞ்சுதா, தண்ணி தேங்கி அழுகுச்சா, தேமல் அடிச்ச செடியில வெட்டுன குச்சியான்னு பாப்போம். அதுக்கப்புறம்தான் மறு குச்சி. இதுக்கும் அந்தப் பொறுமை வேணும்.

அந்த ஆபீஸ் தம்பிக்கு அந்தப் பொறுமை இல்லை. போன்ல ரெண்டு வழி சொன்னாரு. ஒண்ணு, முக்கால் ஏக்கரை வித்துப் பணத்தை பேங்க்ல காட்டுங்க. ரெண்டாவது, விக்க மனசு இல்லைன்னா, முப்பது லட்சத்தை நாங்க ஆள் வெச்சு உங்க கணக்குல போட்டு வெக்கிறோம், ஒரு மாசத்துக்கு வட்டி கொடுத்தாப் போதும், அப்புறம் எடுத்துக்குவோம். லண்டன் விசாவுக்குப் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்குல இருக்கணும்னு விதி. அதுக்குன்னு வந்த யாவாரம் இது. இப்ப எல்லா நாட்டுக்கும் நடக்குதாம்.

மொதல் வழியை நெனச்சா சிரிப்பு வருது. திரும்பி வர்றதுக்கு இங்க என்ன வேர் இருக்குன்னு கேக்குறாங்க. வேரைக் காட்டறதுக்கு வேரையே வித்துட்டு வான்னா எப்புடி?

ரெண்டாவது வழியில நான் கால் வெக்கல. ஒருதரம் பட்டது போதும். பொய்யான காகிதம்னு தெரிஞ்சா என்ன ஆகும்னு பொண்ணு எடுத்துக் காட்டுனா. அமெரிக்காவுல ஏமாத்தி விசா வாங்கப் பாத்தாங்கன்னு முடிவு பண்ணினா ஆயுசுக்கும் உள்ள விட மாட்டாங்க. விலக்கு கேக்கலாம், கிடைக்கறது கஷ்டம். கனடாவுல 5 வருஷம் தடை. இங்கிலாந்துல 10 வருஷம். சும்மா மறுத்தா மறுபடி போகலாம். பொய்னு மறுத்தா கதவையே செங்கல் வெச்சுக் கட்டிருவாங்க. புதுப் படிவத்துல "முன்னாடி விசா மறுத்திருக்காங்களா?"ன்னு ஒரு கேள்வி இருக்குது. அதுக்கும் "ஆமா"ன்னுதான் போடணும். இல்லைன்னு போடச் சொல்ற புத்திசாலிங்களும் இருக்காங்க. அவங்க பேச்சைக் கேக்காதீங்க.

கனடாவுல 2023-ல நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பஞ்சாப் புள்ளைங்க, பெரும்பாலும் விவசாயி ஊட்டுப் புள்ளைங்க, ஏஜெண்ட் கொடுத்த கல்லூரிக் கடிதத்தை நம்பிப் போனாங்க. வருஷக்கணக்கா அங்க படிச்சு, வேலையும் பாத்துட்டு, நிரந்தர வசிப்புரிமை கேக்கப் போனப்போதான் அந்தக் கடிதமே போலின்னு தெரிஞ்சுது. நாடு கடத்துற வரைக்கும் போயி, ரோட்டுல உக்காந்து போராடுனாங்க. அந்த ஏஜெண்டுக்கு 2024-ல கனடா நீதிமன்றம் 3 வருஷம் சிறை கொடுத்துச்சு. ஆனா அந்தப் புள்ளைங்களுக்குப் போன வருஷம் போனதுதான். கையெழுத்து நம்ம புள்ளையோடது. அதனால பழியும் நம்ம புள்ளைக்குத்தான்.

இப்ப நகரத்துல இருக்குற உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். விவசாயி ஏன் பொய்க் காகிதத்துக்குத் தலையாட்டுறான்னு நீங்க கேக்கலாம். சம்பளக்காரருக்கு மாசாமாசம் சம்பளச் சீட்டு வருது, படிவம் 16 வருது, வருமான வரிக் கணக்கு இருக்குது. எங்களுக்கு அது எதுவும் இல்லை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லைங்கிறது எங்களுக்குச் சலுகைதான். ஆனா அதே சலுகையால எங்க உழைப்புக்கு ஒரு காகிதமும் இல்லை. கிழங்கு லோடு ஏத்துன துண்டுச் சீட்டைக் கொண்டு போயி ஜெமினி பாலத்துல காட்ட முடியுமா?

நெலமும் அப்புடித்தான். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம் எல்லாம் என் பேர்ல சுத்தமா இருக்குது. தாசில்தார் ஆபீஸ்ல சொத்து மதிப்புச் சான்று வாங்குனேன். ஆனா கல்விக் கடன் கேட்டு பேங்க் போனா, "விவசாய நெலத்தை ஜாமீனா எடுத்துக்க மாட்டோம், வீடு இருக்கா?"ன்னாங்க. காரணம் கேட்டேன். 2002-ல வந்த சர்ஃபாசி சட்டப்படி, கடன் கட்டலைன்னா கோர்ட்டுக்குப் போகாமயே பேங்க் சொத்தை எடுத்துக்கலாம். அந்தச் சட்டம் விவசாய நெலத்துக்குச் செல்லாது. அது நல்ல சட்டம்தான். இல்லைன்னா இந்நேரம் எங்க ஊர்ல பாதி காடு பேங்க் பேருக்குப் போயிருக்கும். ஆனா பேங்க் எடுக்க முடியாத சொத்து, பேங்க் கண்ணுக்குச் சொத்தே இல்லை. எங்க தாத்தன் காலத்துல இருந்து கைய விட்டுப் போகாத மண்ணு. ஊருக்குள்ள அதுதான் எங்க மானம். மேசைக்கு முன்னாடி போனா அது பூஜ்யம்.

அமெரிக்காக்காரங்க சட்டமும் இதே மேசைதான். யாருக்கு ஊர்ல வேர் ஆழமா இருக்குதோ, அவனால அதைக் காட்ட முடியாது. நாலு ஊர் மாறி நாலு கம்பெனி மாறுனவன் கையில கட்டுக் கட்டா காகிதம் இருக்குது. இது சரியில்லைன்னுதான் நான் சொல்வேன். வசதியானவனுக்கும் 185 டாலர், கூலிக்காரன் மகளுக்கும் 185 டாலர். காரணத்தை ஒரு வரி எழுதிக் கொடுத்தா அவங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்? பணத்துல சந்தேகமா, படிப்புல சந்தேகமான்னு தெரிஞ்சா, அதைச் சரி பண்ணிட்டு வருவோம். தெரியாததாலதானே ஏஜெண்ட் சொல்றதெல்லாம் வேதவாக்கா இருக்குது?

ஆனா குறை முழுக்க அவங்க மேலயே போட்டுட்டு நான் தப்பிச்சுக்க முடியாதுங்க. "படிச்சுட்டுத் திரும்பி வருவியா?"ங்கிற கேள்விக்கு எம் பொண்ணு வாயில ஊர் பேரு ஏன் வரல? யோசிச்சுப் பாத்தேன். அவ மூணாப்பு படிக்கறப்போ இருந்து நான் சொன்னது என்ன? "நல்லாப் படி கண்ணு, இல்லைன்னா என்னை மாதிரி இந்தக் காட்டுல கெடந்து சாவோணும்." எங்கப்பன் எங்கிட்டச் சொன்னதும் அதுதான். நான் பன்னெண்டாவதோட நின்னுட்டேன், காட்டுக்கு வந்துட்டேன். அதையே தோத்துப் போன கதையாத்தான் அவளுக்குச் சொல்லி வளத்தேன். ஊர்ல ஒவ்வொரு ஊட்டுலயும் இதுதான் பாடம். திரும்பி வராதேன்னு இருபது வருஷம் சொல்லிக் கொடுத்துட்டு, ஒரு நாள் ஜன்னல் முன்னாடி நிறுத்தி, திரும்பி வருவேன்னு சொல்லுன்னா அது எப்புடி வரும்?

இதை அவகிட்டச் சொன்னேன். அவ சொன்ன பதில் நான் எதிர்பாக்காதது. "அப்பா, நான் இந்தப் படிப்பு எடுத்ததே நம்ம கிழங்கைப் பாத்துத்தான். அதை யாரும் எங்கிட்டக் கேக்கல. ஆபீஸ்லயும் கேக்கல, நீங்களும் கேக்கல."

அன்னிக்கு ராத்திரி ஒரு மணி நேரம் பேசுனா. நம்ம கிழங்கு பாயிண்ட் பாத்து மில்லுக்குப் போகுது. மாவுச்சத்து எத்தனை பாயிண்டோ அதுக்குத்தான் விலை. ஜவ்வரிசி ஆகுது, மாவு ஆகுது, திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகுது. விலை விழுந்தா எல்லாம் சேந்து விழுகுது. அதே மாவை இன்னும் பக்குவம் பண்ணினா பேப்பர் மில்லு, துணி மில்லு, மாத்திரை பண்ற கம்பெனி எல்லாத்துக்கும் போகும். அந்தப் பக்குவத்தைத்தான் படிக்கணும்ங்கிறா. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க, பேரு வந்துது. அந்தப் பேரை வெச்சு விவசாயி கையில காசு வரணும்னா, ஜவ்வரிசிக்கு மேல ஒரு படி போகணும்ங்கிறா.

அப்பத்தான் எனக்கு ஒரு பழைய சேதி ஞாபகம் வந்துது. சேலத்துல ஜவ்வரிசி எப்புடி வந்துதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ரெண்டாம் உலகப் போர்ல கிழக்குச் சீமையில இருந்து கப்பல் நின்னு போச்சு. மாவும் ஜவ்வரிசியும் வர்றது நின்னுது. அப்ப மாணிக்கம் செட்டியார்னு சேலத்துல ஒரு மீன் வியாபாரி. யாவாரத்துக்கு கேரளா போக வர இருந்தவரு. பினாங்குல இருந்து வந்த பொபட்லால் ஷாங்கிறவரு அவருக்குப் பழக்கமானாரு. கிழங்குல மாவு எடுக்கற பக்குவம் ஷாவுக்குத் தெரியும். ரெண்டு பேரும் சேந்து 1943-ல கையால மாவு எடுக்க ஆரம்பிச்சாங்க. அதுல இருந்து வளந்ததுதான் இன்னிக்கு சேலம், நாமக்கல் பூராவும் நிக்கற சேகோ பேக்டரிங்க. 1981-ல சேகோசர்வ் வந்துது. நான் சோறு திங்கறது, எம் பொண்ணு காலேஜ் போனது எல்லாம் கடல் தாண்டி வந்த ஒரு பக்குவத்தாலதான்.

"விவசாயி மகள் எதுக்கு அமெரிக்கா?"ன்னு கேட்ட சிநேகிதருக்கு இதுதானுங்க பதில். பக்குவம் எங்க இருக்கோ அங்க போயிக் கத்துக்கிட்டு வரணும். யாரோ கொண்டு வந்ததை எண்பது வருஷமா திங்கிறோம். நாமளும் ஒருதரம் கொண்டு வந்தா என்ன?

இப்ப என்ன மாறியிருக்குன்னு சொல்றேன். ராசிபுரத்துல இருக்குற மச்சான் தன் ஊட்டை ஜாமீன் கொடுத்தாரு. "எம் மருமவளுக்கு இல்லாத ஊடு எனக்கு எதுக்கு?"ன்னாரு. அதை வெச்சு அரசு பேங்க்ல கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்துடுச்சு. பல்கலைக்கழகத்துல சேர்க்கையை ஜனவரிக்குத் தள்ளி வெச்சு புது ஐ-20 அனுப்பிட்டாங்க. பதினெட்டு லட்சம் சர்டிபிகேட்டை அடுப்புல போட்டாச்சு. வருமானம் கேட்டா நாலு லட்சம்னே சொல்லுவா, செலவு கடன்ல இருந்துன்னு சொல்லுவா. லீவுல ஒரு வாரம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம், ரெண்டு சேகோ பேக்டரின்னு சுத்தி, கேட்டு எழுதிக்கிட்டு வந்தா. மனப்பாடம் எதுவும் இல்லை. ஆபீஸ் இல்லாம படிவத்தை அவளே நெரப்புனா. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்.

கடனை நெனச்சா பயமா இருக்குதுங்க. மறைக்கல. அந்த நாட்டுல சட்டம் இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு இருக்குது. அதனால அவகிட்ட ஒரு கணக்குப் போட்டு வெச்சிருக்கோம். இந்தத் தரமும் இல்லைன்னு சொன்னா மூணாவது தரம் கிடையாது. தஞ்சாவூர்ல மத்திய அரசோட உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்குது, நிஃப்டெம். திருவனந்தபுரத்துல கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்குது. படிக்க எடம் இருக்குது. பக்குவம் கத்துக்கறது முக்கியம், விமானம் ஏறுறது இல்லை. ஊருக்குள்ள "விசா கிடைக்கலையாமே"ன்னு நாலு நாள் பேசுவாங்க. அஞ்சாவது நாள் வேற கதை கிடைச்சுரும்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். உங்க சொந்தத்துல, கிராமத்துல இருந்து இப்புடி ஒரு புள்ளை விண்ணப்பம் போட்டா, ஏஜெண்ட் ஆபீஸ் அட்ரஸ் கொடுத்து அனுப்பாதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை கூப்புட்டு உக்கார வெச்சு, "நீ ஏன் படிக்கப் போற, முடிச்சுட்டு என்ன பண்ணுவ?"ன்னு இங்கிலீஷ்ல நாலு தரம் கேளுங்க. தடுமாறுனா சிரிக்காதீங்க. அந்தப் புள்ளைக்குப் பதில் தெரியும். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்கும் பதில் சொல்லிட்டேன். "போன தரம் எம் பொண்ணு போகல பெரியப்பா, நாங்க பண்ணி விட்ட பொம்மை போச்சு. இந்தத் தரம்தான் அவ போறா." அவரு வெத்தலையைத் துப்பிட்டு, "அப்பச் சரி, போயிட்டு வரச் சொல்லு"ன்னாரு.

நேர்காணல் அன்னிக்கு அதே மரத்தடியில நிப்பேன். முடிவு எதுவா இருந்தாலும் இங்க எழுதுறேனுங்க. வடக்கால மேகம் கட்டுது. இன்னும் அரை ஏக்கர் கிழங்கு மண்ணுக்குள்ள கெடக்குது, ஆளுங்க காலையில ஆறு மணிக்கே வர்றேன்னிருக்காங்க. வரட்டுங்களா.